திருகோணமலைக்கு எந்தச் சில்லு, எந்த ரயர்?

கிறொஸ் கன்றி மலைச் சைக்கிளுக்குப் பாகம் வாங்கும்போது பலரும் முதலில் பார்ப்பது நிறையைத்தான். நூறு கிராம் குறைந்த றிம்முக்கு இரண்டு மடங்கு காசு கொடுப்பவர்களும் உண்டு. பெயரிலேயே உப்பை வைத்திருக்கும் உப்புவெளியில், உப்பளம் உள்ள நிலாவெளிப் பக்கம் ஓடும் சைக்கிளுக்கு அந்தக் கணக்கு சரிவராது. இங்கே சில்லைத் தின்பவை மூன்று: கடல் உப்பு, நெருஞ்சி முள், வெயில். இந்த மூன்றையும் தாங்குமா என்று பார்த்த பிறகுதான் நிறையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ரயரில் தொடங்கலாம். குறைந்த செலவில் பெரிய மாற்றம் தருவது அதுதான். நம் பக்கத்துப் பாதைகள் வருடத்தின் பெரும்பகுதி காய்ந்து இறுகிக் கிடக்கும். மேலே கிரவலும் உருளும் சிறுகல்லும். நகரத்திலிருந்து கன்னியா, முதலிக்குளம் பக்கத்து மண் பாதைகளைத் தொடுவதற்கு முன் நல்ல தூரம் தார் வீதியிலும் ஓட வேண்டும். உயர்ந்த, மெத்தென்ற பல்லுள்ள ரயர் அந்தச் சூடான தாரிலேயே தேய்ந்துவிடும். நமக்குத் தேவை தாழ்ந்த, நெருக்கமான பல்.

என் முதல் தெரிவு விட்டோரியா மெஸ்கல் 29×2.25 (29 அங்குலச் சில்லுக்கு 2.25 அங்குல அகல ரயர்). நடுப்பற்கள் அடுத்தடுத்து நெருங்கி நிற்பதால் தாரில் இழுவை குறைவு, தேய்வதும் மெதுவாக. வாங்கும்போது மெல்லிய ரேஸ் பதிப்பை விட்டு, பக்கச் சுவர் தடித்த ட்ரெயில் பதிப்பை எடுங்கள். பற்றைக் குச்சியும் உடைந்த கல்லும் கிழிப்பது பக்கச் சுவரைத்தான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் முன்னும் பின்னும் மெஸ்கலே போதும். வாடை தொடங்கி மண் நனைந்ததும் முன்னுக்கு அதே விட்டோரியாவின் பார்சோ போடலாம். அதன் பற்கள் விலகி நிற்பதால் களி அப்பிக்கொண்டு நிற்காமல் உதிரும்.

இரண்டாவது, மாக்ஸிஸ் ஐகான் 29×2.20. ஓட்டம் அருமை. ஆனால் நனைந்த களியில் அதன் தாழ்ந்த பல் பிடிக்காது. குளக்கட்டில் மழைக்குப் பின் முன்சில்லு வழுக்கினால் ரயரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரே பெயரில் பல பதிப்பு வருவதால் பக்கத்தில் அச்சிட்டிருப்பதை வாசித்து வாங்குங்கள். ‘டிஆர்’ என்றிருந்தால் ரியூப் இல்லாமல் ஓடலாம். ‘எக்ஸோ’ என்றிருந்தால் பக்கச் சுவருக்குக் காப்பு உண்டு. விளிம்பில் இரும்புக் கம்பி உள்ள மலிவுப் பதிப்பு ரியூப்புக்கு மட்டும்.

நிலாவெளிக் கடற்கரை மணலுக்கு 2.4 அகலம் போட்டால் சரியாகுமா என்று கேட்பவர்கள் அதிகம். காய்ந்த மணலில் 2.4உம் புதையும். அலை நனைத்து இறுகிய ஈர மணலில் எல்லாமே ஓடும், ஆனால் சைக்கிளுக்கு அதைவிடக் கெட்ட இடம் கிடையாது.

இனி நெருஞ்சி. காய் முற்றினால் ஐந்து துண்டாகப் பிரியும். ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள்: இரண்டு பெரிய முள், இரண்டு சிறிய முள். எப்படிப் போட்டாலும் ஒரு முள் மேலே நோக்கி நிற்கும். ரயரில் ஏறிய துண்டு ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் ஆழமாக இறங்கும். ரியூப் போட்டு ஓடினால் ஒரு பாதையில் நாலு ஐந்து ஓட்டை விழலாம், அத்தனைக்கும் ஒட்டுப் போட முடியாது. ரியூப் இல்லாமல் உள்ளே சீலன்ட், அதாவது ஓட்டையை அடைக்கும் திரவம், ஊற்றி ஓடுவதுதான் இங்கே ஒரே வழி. முள் ஏறியதும் பிடுங்காதீர்கள். வீடு வந்து, ஓட்டை கீழே இருக்கும்படி சில்லைத் திருப்பி வைத்துப் பிடுங்கினால் சீலன்ட் அங்கே வந்து அடைக்கும்.

ரியூப் இல்லாத ரயரைப் பொருத்தும் வேலையில் பலர் பிழைவிடுவது, றிம்மின் கம்பித் துளைகளைக் காற்றுப் போகாமல் மூடும் நாடாவில். றிம்மின் உள் அகலத்தைவிட 2 அல்லது 3 மில்லிமீற்றர் கூடிய நாடா வேண்டும். உள் அகலம் 25 என்றால் நாடா 27 அல்லது 28. முதலில் றிம்மை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடுங்கள். விரல் எண்ணெய் பட்டாலும் நாடா எழும்பும். இழுத்துப் பிடித்தபடி ஒட்டி, வால்வுத் துளையைத் தாண்டி 10 சென்றிமீற்றராவது ஒன்றன்மேல் ஒன்று வரவிடுங்கள். வால்வுக்குக் கத்தியால் வெட்டினால் நாடா பிளந்துகொண்டே போகும். கூரான ஊசியைச் சூடாக்கிக் குத்துங்கள். பிறகு சாதாரண ரியூப் போட்டு ஓர் இரவு காற்றடித்து வைத்தால் நாடா றிம்மில் படிந்துவிடும். மறுநாள் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றி ரியூப்பை எடுத்து, வால்வைப் பூட்டி, விளிம்பில் சவர்க்கார நீர் பூசி, வால்வின் உள்ளூசியைக் கழற்றிவிட்டுக் காற்றை அடியுங்கள். ரயரின் இரு விளிம்பும் றிம்மில் அமரும்போது டப், டப் என்று இரண்டு சத்தம் கேட்க வேண்டும். கேட்ட பின் ரயரின் பக்கத்திலுள்ள மெல்லிய கோடு றிம்மிலிருந்து சுற்றிலும் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். றிம்மில் அச்சிட்ட உச்ச அழுத்தத்தைத் தாண்டக் கூடாது. சில்லொன்றுக்கு 90 மில்லிலீற்றர் சீலன்ட் போதும்.

காற்றும் பெற்றோல் செட்டில் கிடைக்கும், ஆனால் அங்குள்ள குழாய் மோட்டார் வாகன வால்வுக்கானது. மெல்லிய பிரெஸ்டா வால்வுக்குப் பித்தளை அடப்டர் ஒன்றைப் பையில் வைத்திருங்கள். 70 கிலோ ஆளுக்கு 25 மில்லிமீற்றர் றிம்மில் 2.25 ரயர் என்றால் முன்னுக்கு 19, பின்னுக்கு 21 பிஎஸ்ஐயில் தொடங்கலாம். ரியூப் போட்டால் 26க்குக் கீழே இறங்காதீர்கள். கல்லுக்கும் றிம்முக்கும் நடுவில் ரியூப் நசுங்கிப் பாம்புக்கடி போல இரட்டை ஓட்டை விழும்.

சீலன்ட் காய்ந்துபோகும். ஸ்டான்ஸ் தன் சீலன்டுக்கு 2 முதல் 7 மாதம் என்கிறது. நம் வெயிலுக்கு 2 என்றே வைத்துக்கொள்ளுங்கள். சில்லைக் காதருகே பிடித்து ஆட்டினால் சலசலப்புக் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் 40 மில்லிலீற்றர் சேர்க்கலாம். வால்வு நாலு மணி நிலையில் இருக்கும்படி சில்லை நிறுத்திய பிறகே காற்றைத் திறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் சீலன்ட் ஊசியில் ஏறி அடைக்கும்.

றிம் விடயத்தில் என் கருத்து உறுதியானது: அலுமினிய றிம், துருப்பிடிக்காத உருக்குக் கம்பி, கம்பியை றிம்மில் பூட்டும் பித்தளை நிப்பிள். கார்பன் றிம்மோடு அலுமினிய நிப்பிள் சேர்ந்தால் உப்புநீர் பட்ட இடம் சிறு பற்றரியாகிவிடும், கரைவது அலுமினியம். நிப்பிளின் கழுத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அதுதான் அடையாளம். வெளியில் கம்பி பளபளப்பாக இருக்கும், நேராக்கச் சாவியைப் போட்டதும் நிப்பிளின் தலை உடைந்து றிம்முக்குள் விழும். பித்தளை நிப்பிள் இரண்டு சில்லுக்கும் சேர்த்து சில பத்துக் கிராம்தான் கூடும். 80 கிலோவுக்கு மேற்பட்டவர்கள் 32 கம்பி கேளுங்கள். உள் அகலம் 25 போதும். 30 எடுப்பவர்கள் 2.35 அல்லது 2.4 ரயர் போட வேண்டும்.

சில்லின் நடுவிலுள்ள ஹப்பில் இரண்டு நல்ல தெரிவுகள் உண்டு. காசு குறைவென்றால் ஷிமானோவின் குண்டும், குண்டு உருளும் கோனும் உள்ள ஹப். பழைய குவிக் ரிலீஸ் (கைநெம்பால் கழற்றும்) வகையில் பெரும்பாலும் பின்னுக்கு ஒரு பக்கத்துக்கு கால் அங்குலக் குண்டு 9, முன்னுக்கு ஒரு பக்கத்துக்கு 3/16 அங்குலக் குண்டு 10. சாதாரணச் சைக்கிளுக்கும் இதே அளவுதான், ஆகவே ஊரிலுள்ள எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும். வாடை முடிந்ததும் கட்டாயம் பிரித்துக் கிறீஸ் மாற்ற வேண்டும். கோனில் ஊசிமுனை அளவு குழி விழுந்தாலும் அதையும் மாற்றுங்கள்; கோன் அந்தந்த மொடலுக்குரியது, முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

காசு இருந்தால் டிடி சுவிஸ் 350. பக்க மூடியைக் கையால் இழுத்தாலே கழரும், பிறகு மிதிக்கும்போது ஒன்றையொன்று பிடிக்கும் பல் வளையங்கள் இரண்டும் வெளியே வரும். துடைத்து, அதற்குரிய கிறீஸை மெல்லிதாகப் பூசி மூடப் பத்து நிமிடம். மோட்டார்சைக்கிளுக்குப் போடும் தடித்த கிறீஸ் வேண்டாம். பல் ஒட்டிக்கொண்டு பிடிக்காமல் வழுக்கும். மூடிய பெயாரிங் உள்ள எந்த ஹப்பிலும் மூடியில் இலக்கம் இருக்கும். 6902 என்றால் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 28, அகலம் 7 மில்லிமீற்றர். அந்த இலக்கத்தோடு பெயாரிங் கடைக்குப் போகலாம். உள்ளே ஏற்றும்போது வெளி வளையத்தை மட்டும் அழுத்த வேண்டும். உள் வளையத்தில் தட்டினால் புதியதும் அன்றே கெட்டுவிடும்.

கொழும்பிலிருந்தோ வெளிநாட்டு உறவினர் மூலமோ சில்லு எடுப்பவர்கள் அச்சு, டிஸ்க், பல்லுத்தட்டு மூன்றையும் சரிபார்த்த பிறகே காசைக் கொடுங்கள். பின் அச்சு 135 குவிக் ரிலீஸா, 142×12ஆ, 148×12 பூஸ்டா? 6 மில்லிமீற்றர் வித்தியாசத்தை நெம்பிச் சரிசெய்ய முடியாது. பிரேக் டிஸ்க்கைப் பூட்டுவது ஆறு போல்ட்டா, நடுவில் ஒரே வளையத்தால் பூட்டும் சென்ரர் லொக்கா? சென்ரர் லொக்கில் ஆறு போல்ட் டிஸ்க்கை அடப்டரோடு போடலாம், எதிர்மாறாக முடியாது. பல்லுத்தட்டில் மிகச் சிறியது 11 பல் என்றால் பெரும்பாலும் தட்டு ஏறும் பகுதி பழைய எச்ஜி வகையான ஹப் போதும். 10 பல் என்றால் அந்தப் பகுதி மைக்ரோ ஸ்ப்ளைன் அல்லது எக்ஸ்டி வகையாக இருக்க வேண்டும்.

கியருக்கு ஷிமானோ கியூஸ் 9 ஸ்பீட், 11-46. பெரிய மலை இல்லாத நம் பக்கத்துக்கு 12 ஸ்பீட் தேவையே இல்லை. கியூஸுக்குரிய லிங்க்கிளைட் பல்லுத்தட்டின் பல் தடிப்பானது, உப்பும் மணலும் கலந்த செயினுக்கு அதுவே நல்லது, எச்ஜி ஹப்பிலும் ஏறும். ஆனால் பழைய ஷிமானோ ஷிப்டரோடு கலக்காதீர்கள், இழுப்பு அளவு வேறு. செயின் தேய்வைப் பார்க்கும் அளவுகோலின் 0.5 முனை செயினில் இறங்கினால் செயினை மாற்றிவிடுங்கள். தள்ளிப்போட்டால் தட்டையும் சேர்த்து வாங்க வேண்டி வரும்.

கடற்கரைப் பக்கம் ஓடிய நாளில் அன்று மாலையே ஒரு வாளி நல்ல தண்ணீரும் கோப்பையும் எடுத்து நிப்பிள், ஹப், செயின் மூன்றிலும் ஊற்றுங்கள். அழுத்தக் குழாயால் அடித்தால் உப்பு பெயாரிங்குக்குள்ளேயே போகும். செயின் நன்றாகக் காய்ந்த பிறகு கண்ணிக்கு ஒரு துளி எண்ணெய், பிறகு வெளியே ஒட்டியதைத் துணியால் துடையுங்கள்.