எடின்பரோ டிராம்: விமான நிலையம் முதல் நியூஹேவன் வரை, பயணமும் செலவுக் கணக்கும்

எடின்பரோ விமான நிலையக் கட்டடத்தை விட்டு வெளியே வந்தால் சில நிமிட நடையிலேயே டிராம் நிறுத்தம் வந்துவிடுகிறது. நடைமேடையும் வண்டியின் தளமும் ஒரே மட்டத்தில் இருப்பதால், பெரிய பெட்டியை உருட்டிவருபவருக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் ஏறுவதில் சிரமம் இல்லை. பெட்டிகளை வைக்கத் தனி அடுக்கு இருக்கிறது. நிறுத்தங்களின் பெயர்கள் தெளிவாக அறிவிக்கப்படுகின்றன. ஸ்பெயினின் சிஏஎஃப் நிறுவனம் தயாரித்த இந்த வண்டிகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 43 மீட்டர் நீளமுடையவை. நின்று வருபவர்களையும் சேர்த்தால் 250 பேர் வரை ஏற்றிச்செல்லக் கூடியவை. நகர மையத்துக்குச் சற்று மேற்கே உள்ள ஹேமார்க்கெட் வரை பெரும்பாலும் தனக்கென ஒதுக்கப்பட்ட தடத்தில் ஓடுவதால் வண்டி குலுங்காமல், சாலை நெரிசலில் அகப்படாமல் செல்கிறது. அதன் பிறகே நகரத் தெருக்களில் மற்ற வாகனங்களோடு கலக்கிறது. நகர மையத்தை அடைய அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும்.

பயணச் சேவை என்ற அளவில் மட்டும் மதிப்பிட்டால், பெரிய குறை எதுவும் எனக்குத் தென்படவில்லை. சிறிய குறைகள் உண்டு. விமான நிலைய நிறுத்தத்துக்கு மட்டும் கட்டணம் நகரக் கட்டணத்தைவிடப் பல மடங்கு அதிகம். அதற்கு அடுத்த நிறுத்தமான இங்கிள்ஸ்டனில் ஏறுபவர் சாதாரண நகரக் கட்டணத்தைத்தான் செலுத்துகிறார். ஒரே ஒரு நிறுத்தத்துக்கு இவ்வளவு வேறுபாடா என்று கேட்பவர்களுக்கு நகர மையம் வரை செல்லும் விமான நிலையப் பேருந்தும் இருக்கிறது. அவசரமில்லாதவர்கள் அதன் மாடியில் அமர்ந்து ஊரைப் பார்த்துக்கொண்டே போகலாம். மிதிவண்டி ஓட்டுபவர்களுக்கோ தெருவோடு தெருவாகப் பதிக்கப்பட்ட தண்டவாளம் உண்மையான ஆபத்து. 2017ஆம் ஆண்டு மே மாதத்தில், நகரின் மேற்கு முனைப் பகுதியில், தண்டவாளத்தில் சக்கரம் சிக்கி ஓர் இளம்பெண் உயிரிழந்தார். இந்தச் சேவையைப் பாராட்டும் எவரும் அதைக் குறிப்பிடாமல் கடந்துபோவது நியாயமாகாது.

ஆனால் பயணச்சீட்டின் விலை மட்டுமே ஒரு பொதுச் சேவையின் விலை ஆகிவிடாது. இந்தத் தடத்தைக் கட்டிமுடிக்க நகரம் செலுத்திய விலையையும், அதற்கு யார் பதில் சொன்னார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் மதிப்புரை முழுமையடையும். எனவே இனி வருவதில் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

தொடக்கத்தில் ஸ்காட்லாந்து அரசு இந்தத் திட்டத்துக்காக ஒதுக்கிய தொகை 37.5 கோடி பவுண்டு. 2008இல் ஒப்பந்தம் கையெழுத்தானபோது மொத்த நிதி 54.5 கோடி பவுண்டு என்று வரையறுக்கப்பட்டது. அதில் 50 கோடி அரசின் பங்கு, 4.5 கோடி மாநகராட்சியின் பங்கு. விமான நிலையத்திலிருந்து நகரின் வடக்குக் கடற்கரையில் உள்ள நியூஹேவன் வரையிலான சுமார் 18.5 கிலோமீட்டர் தடத்தில் 2011இல் வண்டி ஓடும் என்பதே அப்போது மக்களுக்குச் சொல்லப்பட்டது. உண்மையில் முதல் வண்டி 2014 மே 31 அன்றுதான் ஓடியது. அதுவும் நகர மையத்தில் உள்ள யார்க் பிளேஸ் வரையிலான 14 கிலோமீட்டர் மட்டுமே. அந்தக் குறுகிய தடத்துக்கு மாநகராட்சி அறிவித்த செலவு 77.6 கோடி பவுண்டு. எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் அது 80 கோடியைத் தாண்டும் என்று இத்திட்டத்தை ஆராயப் பின்னர் அமைக்கப்பட்ட விசாரணை ஆணையம் கூறியது. விடுபட்ட பகுதி 20.73 கோடி பவுண்டு மதிப்பீட்டில் கட்டப்பட்டு 2023 ஜூன் 7 அன்று திறக்கப்பட்டது. அதாவது 54.5 கோடிக்கு 2011இல் கிடைக்கும் என்று சொல்லப்பட்ட அதே தடம், மாநகராட்சியின் சொந்தக் கணக்கின்படியே 98 கோடிக்கு மேல் விழுங்கி, பன்னிரண்டு ஆண்டுகள் தாமதமாக முழுமை பெற்றது.

இந்த வீக்கத்துக்குக் காரணம் பூகம்பமோ விலைவாசி உயர்வோ அல்ல. மாநகராட்சி தனக்கென அமைத்துக்கொண்ட, ‘டை’ என்ற சுருக்கப் பெயரால் அறியப்பட்ட நிறுவனம்தான் திட்டத்தை நடத்தியது. அதன் மூலத் திட்டம் காகிதத்தில் குறை சொல்ல முடியாதது. முதலில் வடிவமைப்பை முடிக்க வேண்டும்; தெருவுக்கு அடியில் செல்லும் குடிநீர்க் குழாய்களையும் எரிவாயுக் குழாய்களையும் கேபிள்களையும் தடத்திலிருந்து அப்புறப்படுத்த வேண்டும்; தரை காலியான பிறகு கட்டுமான ஒப்பந்ததாரரை உறுதியான ஒரு விலைக்கு அழைக்க வேண்டும். அப்படிச் செய்தால் எதிர்பாராத செலவுகளின் சுமை ஒப்பந்ததாரர் தலையில் விழும், மாநகராட்சியின் தலையில் அல்ல. ஆனால் வடிவமைப்பும் தாமதமாயிற்று, குழாய்களை மாற்றும் வேலையும் தாமதமாயிற்று. அப்போது ஒப்பந்தத்தைத் தள்ளிவைத்திருக்க வேண்டும். தள்ளிவைக்கவில்லை.

2008 மே மாதத்தில் பில்ஃபிங்கர் பெர்கர், சீமென்ஸ் ஆகிய நிறுவனங்களை உள்ளடக்கிய கூட்டமைப்போடு கட்டுமான ஒப்பந்தம் கையெழுத்தானது. செலவில் 95 சதவீதம் உறுதி செய்யப்பட்டுவிட்டது என்று மாநகர மன்ற உறுப்பினர்களுக்குத் தெரிவிக்கப்பட்டது. ஆனால் ஒப்பந்தத்தின் நான்காம் அட்டவணையில் விலை எந்தெந்த அனுமானங்களின் பேரில் நிர்ணயிக்கப்பட்டது என்ற பட்டியல் ஒன்று இருந்தது. வடிவமைப்பு 2007 நவம்பர் 25ஆம் தேதி இருந்த நிலையிலிருந்து பெரிதாக மாறாது என்பதும், குழாய்கள் அப்புறப்படுத்தப்பட்டிருக்கும் என்பதும் அந்த அனுமானங்களில் அடங்கும். கையெழுத்திட்ட நாளிலேயே அவற்றில் பல பொய்யாகிவிட்டிருந்தன. அது இரு தரப்புக்கும் தெரியும். அனுமானத்திலிருந்து விலகும் ஒவ்வொன்றுக்கும் கூடுதல் பணம் கேட்கும் உரிமை ஒப்பந்ததாரருக்கு இருந்தது. வீட்டுக்காரர் கொத்தனாரிடம் ‘சுவருக்கு இவ்வளவுதான், ஒரு காசும் கூடாது’ என்று பேசி முடித்துவிட்டு, ‘மண் இறுகலாக இருந்தால்’ என்று கீழே ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டதற்கு ஒப்பானது இது; மண் சேறு என்பதை இருவரும் காலையிலேயே மிதித்துப் பார்த்திருந்தார்கள் என்பதுதான் கூடுதல் வேடிக்கை.

விளைவு உடனே தெரிந்தது. 2009 பிப்ரவரியில், நகரின் முதன்மையான கடைவீதியான பிரின்சஸ் தெருவில் வேலை தொடங்க வேண்டிய நேரத்தில், உண்மையில் ஆகும் செலவைத் தருவதாகத் தனி உடன்பாடு வேண்டும் என்று ஒப்பந்ததாரர்கள் கூறிவிட்டார்கள். மார்ச்சில் அந்த உடன்பாடு எட்டப்பட்டு, பல மாதங்கள் தோண்டிய பிறகு நவம்பரில் தெரு திறக்கப்பட்டது; பின்னர் தண்டவாளத்தை ஒட்டிய சாலைப் பரப்பில் குறைபாடு தெரிந்ததால் 2011இல் அதே தெரு மீண்டும் கிளறப்பட்டது. கூடுதல் பணம் கேட்கும் அறிவிப்புகள் நூற்றுக்கணக்கில் குவிந்தன. 2010 முடிவில் கட்டுமானப் பணியில் 28 சதவீதம்தான் முடிந்திருந்தது. செலவான தொகையோ 40.2 கோடி பவுண்டு, அதாவது மொத்த நிதியில் ஏறத்தாழ முக்கால் பங்கு என்று ஸ்காட்லாந்தின் தணிக்கை அமைப்பு 2011 பிப்ரவரியில் அறிக்கை அளித்தது. இடையே 2010 ஏப்ரலில், மக்கள் பார்ப்பதற்காக ஒரு வண்டியைப் பிரின்சஸ் தெருவில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். ஓட வழியில்லாமல் கண்காட்சிப் பொருளாக நின்ற அந்த வண்டியைவிட இத்திட்டத்தின் அன்றைய நிலையை விளக்கும் படம் வேறு இருக்க முடியாது.

2011இல் சமரசப் பேச்சு நடந்து, ‘டை’ நிறுவனம் கலைக்கப்பட்டது. ஆகஸ்டில் மாநகர மன்றம் தடத்தை ஹேமார்க்கெட்டோடு நிறுத்திவிட முடிவெடுத்தது. நகர மையத்துக்கே வராத டிராமுக்கு மீதமுள்ள 7.2 கோடியைத் தர முடியாது என்று அரசு சொன்னதும், ஏறத்தாழ ஒரு வாரத்தில் அந்த முடிவு மாற்றப்பட்டது. பற்றாக்குறையான 23.1 கோடியை மாநகராட்சி முப்பது ஆண்டுக் கடனாகப் பெற்றது. வட்டியையும் சேர்த்தால் மொத்தச் சுமை 100 கோடி பவுண்டைத் தாண்டும் என்று அப்போதே மதிப்பிடப்பட்டது. இன்று டிராமில் ஏறாத எடின்பரோவாசியும் இந்தச் சேவைக்குப் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

பொறுப்புக்கூறல் என்ற பகுதிதான் என் பார்வையில் எல்லாவற்றிலும் மோசமானது. 2014 ஜூனில் முன்னாள் நீதிபதி ஹார்டி பிரபு தலைமையில் விசாரணை அறிவிக்கப்பட்டது. பொது அமர்வுகள் 2017 செப்டம்பரில் தொடங்கி 2018 மே மாதத்தில் முடிந்தன. அறிக்கை வெளிவந்தது 2023 செப்டம்பர் 19 அன்று. ஒன்பது ஆண்டுகள், சுமார் 1.3 கோடி பவுண்டு. டிராம் ஏன் தாமதமானது என்று கண்டறிய அமைக்கப்பட்ட விசாரணை, டிராமைக் கட்ட ஆன காலத்தைவிட நீண்டதாக ஓடியது. ஒப்பந்தம் கையெழுத்தான நாளிலிருந்து முதல் வண்டி ஓடிய நாள் வரை ஆறே ஆண்டுகள்தான்.

அறிக்கையின் உள்ளடக்கத்தில் தயக்கம் இல்லை. தவிர்த்திருக்கக்கூடிய தவறுகளின் நீண்ட தொடர் என்று அது திட்டத்தை வருணிக்கிறது. முதன்மைப் பழியை ‘டை’ நிறுவனத்தின் மீது வைக்கிறது. மன்ற உறுப்பினர்களுக்கு உண்மை நிலை சென்றுசேராமல் போனதற்கு மாநகராட்சியையும் கடிந்துகொள்கிறது. அரசும் தப்பவில்லை. 2007இல் ஆட்சிக்கு வந்த சிறுபான்மை அரசுக்கு இத்திட்டத்தில் விருப்பமில்லை. ஆனால் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் வாக்கெடுப்பு அதைத் தொடரச் செய்தது. அதன் பிறகு அமைச்சர்கள் 50 கோடிக்கு மேல் தர முடியாது என்று வரம்பு கட்டிவிட்டு, திட்ட மேற்பார்வையில் அனுபவம் உள்ள தங்கள் போக்குவரத்துத் துறையையும் விலக்கிக்கொண்டார்கள். பணத்தைக் கொடுப்பவர் பார்வையிடும் கண்ணையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்பதே இதன் பொருள். அது தவறான முடிவு என்று ஆணையம் சொல்வதை ஒருவர் மறுப்பது கடினம்.

ஆனால் பழி வைக்கப்பட்ட நிறுவனம் அறிக்கை வருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே கலைக்கப்பட்டுவிட்டது. முடிவெடுத்தவர்களில் பெரும்பாலோர் பதவியில் இல்லை. மன்ற உறுப்பினர்களுக்குத் தெரிந்தே பொய்யான தகவலை அளிப்பவர்கள் மீது உரிமையியல், குற்றவியல் நடவடிக்கை எடுக்க வழிசெய்யும் சட்டம் தேவையா என்று அரசு ஆராய வேண்டும் என்பது ஆணையத்தின் 24 பரிந்துரைகளில் ஒன்று. இவ்வளவு நடந்த பிறகும் அப்படியொரு சட்டம் தேவையா என்று ஆராயும் நிலையில்தான் நாம் இருக்கிறோம் என்பதை அந்த வரி தன்னையறியாமல் சொல்லிவிடுகிறது.

இவற்றையெல்லாம் அறிந்த பிறகு, யார்க் பிளேஸ் முனையத்தைத் தாண்டி நியூஹேவன் நோக்கிச் செல்லும் பகுதியைக் கூடுதல் கவனத்தோடு பார்த்தேன். யார்க் பிளேஸ் நிறுத்தமே இப்போது இல்லை; தடம் நீண்டபோது அது மூடப்பட்டு, பிகார்டி பிளேஸில் புதியது அமைக்கப்பட்டது. பாதியில் நிறுத்தியதால் கட்டி, பின்பு இடிக்க வேண்டிவந்த நிறுத்தம் அது. லீத் வாக் என்ற நெடுந்தெரு வழியாகத் துறைமுகப் பகுதிக்குச் செல்லும் இந்த நீட்டிப்பு, பெருந்தொற்றால் இடையில் நின்றும், மதிப்பிட்ட தொகைக்குள்ளேயே முடிந்தது. இங்கே தெருவை ஒரு முறை திறந்தால் குழாய் வேலை, தண்டவாள வேலை அனைத்தையும் முடித்துவிட்டுத்தான் மூடுவது என்று தீர்மானித்திருந்தார்கள். பழைய கல்லறைப் பகுதி ஒன்றை ஒட்டித் தடம் சென்றதால் முன்கூட்டியே அகழாய்வு நடத்தப்பட்டு, நூற்றாண்டுகளுக்கு முந்தைய முந்நூறுக்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. முதல் கட்டத்தில் இப்படியொன்று எதிர்ப்பட்டிருந்தால் அது எத்தனை உரிமைகோரல்களாக மாறியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம்.

முழுத் தடத்துக்கும் சேர்த்து முதலிலேயே வாங்கப்பட்ட 27 வண்டிகளும் தேவைக்கு மேல் இருந்ததால், சிலவற்றை லண்டனுக்கு வாடகைக்கு விடலாமா என்றுகூட ஒரு காலத்தில் முயன்றார்கள். அது நடக்காமல் போனதே நல்லதாயிற்று. நீட்டிப்புக்குப் புதிய வண்டி ஒன்றும் வாங்க வேண்டியிருக்கவில்லை. நீட்டிப்பிலும் கோணல் இல்லாமல் இல்லை: லீத் வாக்கில் வளைந்து வளைந்து போடப்பட்ட மிதிவண்டிப் பாதை ஊரார் சிரிப்புக்கு ஆளானது. இருந்தாலும் அந்தத் தவறு பெயின்ட் வாளியோடும் சில கற்களோடும் முடிந்துபோகும் அளவிலானது.

பயணிகள் தங்கள் தீர்ப்பை ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். 2024இல் சுமார் 1.2 கோடிப் பயணங்கள் பதிவாகியுள்ளன. நானும் மறுமுறை சென்றால் இதில்தான் ஏறுவேன், பிறருக்கும் பரிந்துரைப்பேன். நகரின் வடக்கே கிரான்டனையும் தென்கிழக்கே மருத்துவ வளாகப் பகுதியையும் இணைக்கும் அடுத்த தடம் பற்றி இப்போது பேசப்படுகிறது. அதற்கான ஆவணங்கள் வெளிவரும்போது, மொத்தத் தொகை அச்சிடப்பட்ட முதல் பக்கத்தைவிட, அந்தத் தொகை எந்தெந்த அனுமானங்களின் மேல் நிற்கிறது என்று எழுதியிருக்கும் பின்னிணைப்பைத்தான் நான் முதலில் புரட்டுவேன்.