நான்கு ஆண்டுகளாக என் மேசையில்: கிளாரிஃபையர் திறந்துவிடப்பட்ட சிபி ரேடியோ

பொதுமக்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் சிபி அலைவரிசைக்கான பழைய 40 சேனல் எஸ்எஸ்பி ரேடியோ இது. எஸ்எஸ்பி என்பது ஒற்றைப் பக்கப்பட்டை முறை; அதில் அதிர்வெண் சற்று நகர்ந்தாலும் குரல் மாறிவிடும். எனக்கு முன் வைத்திருந்தவர் கிளாரிஃபையரைத் 'திறந்துவிட்டிருந்தார்'. அதாவது, கேட்கும்போது மட்டும் அதிர்வெண்ணை நகர்த்த வேண்டிய திருகு, பேசும்போதும் நகர்த்தும். வாங்கிய நாளே ஒரு குறை தெரிந்தது. எஸ்எஸ்பியில் பேசினால் என் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் நடுங்குகிறது என்றார்கள்.

பழியை, சேனலின் அதிர்வெண்ணைப் பிடித்துவைக்கும் பிஎல்எல் சிப் மீது போட்டேன். அது ஒரு பாவமும் செய்யவில்லை. கிளாரிஃபையர் என்பது அதிர்வெண்ணை உண்டாக்கும் கிரிஸ்டலோடு இணைந்த ஒரு வேராக்டர் டயோடுதான். அதற்குத் தரும் மின்னழுத்தம் மாறினால் அதிர்வெண்ணும் மாறும். மாற்றம் செய்தவர் அந்த மின்னழுத்தத்தை ரெகுலேட்டர் மாறாமல் தரும் 8 வோல்ட்டிலிருந்து எடுக்காமல், கைக்கு எட்டிய 13.8 வோல்ட் கம்பியிலிருந்து எடுத்திருந்தார். நான் உரக்கப் பேசும்போதெல்லாம் மின்சாரம் அதிகம் இழுக்கப்பட்டு அந்த வோல்ட் சரிகிறது. கூடவே அதிர்வெண்ணும் சரிகிறது. ஒரு கம்பியை இடம் மாற்றிப் பற்றவைத்ததும் நடுக்கம் நின்றது. பத்து நிமிட வேலைக்கு மூன்று வாரம் தேடியிருக்கிறேன்.

இரண்டாம் ஆண்டில் வேறொரு தொல்லை. குளிர்ந்த காலை வேளைகளில் கீழ்ச் சேனல்கள் ஊமையாகிவிடும். அரை மணி நேரம் சூடானதும் தாமாகப் பேசும். இங்கேதான் தப்பு செய்தேன். அளந்து பார்க்காமல், விசிஓவின் (மின்னழுத்தத்துக்கேற்ப அதிர்வெண் மாறும் அலையாக்கி) சுருளுக்குள் இருக்கும் திருகு மையத்தைத் திருகினேன். கீழ்ச் சேனல்கள் வந்தன, மேல் சேனல்கள் போயின. பிறகுதான் மல்டிமீட்டரை எடுத்து, லூப் ஃபில்டரில், பிஎல்எல் விசிஓவுக்கு அனுப்பும் கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தைப் பார்த்தேன். சேனல் 1-இலிருந்து 40 வரை படிப்படியாக ஏற வேண்டிய அளவு, கீழ்ச் சேனல்களில் தரைதட்டி நின்றது. விசிஓ தேவைக்கு மேல் உயர்ந்த அதிர்வெண்ணில் ஓடுகிறது, சுற்றில் எங்கோ கெப்பாசிட்டன்ஸ் குறைகிறது என்று பொருள். குளிர் ஸ்பிரேயைத் துளித்துளியாக அடித்துக்கொண்டே போனபோது, ஒரு சிறு செராமிக் கெப்பாசிட்டரின் காலடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெடிப்பு வளையம் தெரிந்தது. ஈயம் விட்டுப்போயிருந்தது. புதிதாகப் பற்றவைத்தேன். மையத்தைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரத்தான் ஒரு மாலை முழுவதும் போனது, ஏனென்றால் பழைய இடத்தைக் குறித்துவைக்கவில்லை.

நடுவே ஒருமுறை காட்சிப் பலகையில் ஒரு சேனல், காற்றில் வேறொன்று. சேனல் சுவிட்சின் தொடுமுனை அழுக்கு; துடைத்ததோடு சரி.

அளப்பவர்களுக்கு ஒன்று: அதிர்வெண் கவுண்டரின் முனையை 10.240 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் நேராக வைத்தால் அந்த முனையே அதிர்வெண்ணை இழுத்துவிடும். அந்தப் பாதிப்பைத் தடுக்கும் இடைச்சுற்றான, அடுத்துள்ள பஃப்பருக்குப் பின்னால் அளப்பதே மேல். பேசவைத்துச் சோதிப்பதெல்லாம், ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் மின்தடையான 50 ஓம் டம்மி லோடில்தான். இப்படி மாற்றிய கருவியை வானலையில் விடப் பல நாடுகளில் அனுமதி இல்லை.

கிளாரிஃபையர் திருகின் பழைய பொட்டன்ஷியோமீட்டரை எடுத்துவிட்டுப் பத்துச் சுற்று ஒன்றைப் போட்டிருக்கிறேன். கால் மணி நேரம் சூடானபின் அதிர்வெண் நகர்வு 100 ஹெர்ட்ஸுக்குள் அடங்குகிறது. எஸ்எஸ்பிக்கு அது போதும். திருகின் நடு இடத்தைப் பென்சிலால் குறித்திருக்கிறேன், இல்லையென்றால் சேனலின் மையம் எங்கே என்பதே மறந்துவிடுகிறது. பெட்டியைத் தட்டினால் குரலில் இன்னும் ஒரு ரீங்காரம் கேட்கிறது. விசிஓ சுருளை அசையாமல் பிடிக்கும் மெழுகு உதிர்ந்திருக்க வேண்டும். இந்த முறை அளந்துவிட்டுத்தான் கைவைப்பேன்.