மீட்கப்பட்ட குதிரைக்கு நீண்டகால வீடு: ஒரு காப்பகத்தின் ஒப்படைப்புத் திட்டத்துடன் இரண்டு ஆண்டுகள்

பட்டினியிலும் புறக்கணிப்பிலும் கிடந்த குதிரைகளை மீட்டு, உடல் தேற்றி, பொறுப்பானவர்களிடம் நீண்டகாலத்துக்கு ஒப்படைக்கும் ஒரு காப்பகத்திலிருந்து செவலை என்ற பெண் குதிரையை அழைத்து வந்து இரண்டு ஆண்டுகள் முடிந்திருக்கின்றன. அதே எண்ணத்தில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்பதற்காக அந்தத் திட்டத்தைப் பற்றி எழுதுகிறேன். எனக்கு அவர்கள்மேல் மதிப்பு அதிகம். ஒரு குறையும் உண்டு, அது சிறிய குறை அல்ல என்பதால் காப்பகத்தின் பெயரைச் சொல்லவில்லை.

ஒப்பந்தத்திலிருந்து தொடங்குகிறேன். குதிரை நம் இடத்தில் வாழும். உரிமை காப்பகத்திடமே இருக்கும். விற்கக் கூடாது, பிறரிடம் கொடுக்கக் கூடாது, குட்டி ஈனவிடக் கூடாது, இடம் மாற்றுவதானால் முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும், காப்பகத்தினர் எந்த நாளும் வந்து பார்க்கலாம். முதல் முறை படித்தபோது, என்னை நம்பாமல்தான் இவ்வளவு நிபந்தனைகளா என்று மனம் சுருங்கியது. ஆனால் குதிரை 25 முதல் 30 ஆண்டுகள் வரை வாழக்கூடிய உயிர். வயதாகி வேலைக்கு உதவாமல் போகும்போதுதான் அது கைமாறுகிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் அதன் நிலை ஒரு படி இறங்குகிறது. செவலை அப்படி இறங்கி இறங்கித்தான் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தவள். எனக்கு நோய் வந்தாலோ, நிலம் கைவிட்டுப் போனாலோ, அவளைத் திரும்ப ஏற்றுக்கொள்ளும் கடமை காப்பகத்துக்கு உண்டு என்று அதே ஒப்பந்தத்தின் கடைசிப் பத்தி சொல்கிறது. அந்தப் பத்தியைப் படித்த பிறகுதான் கையெழுத்திட்டேன்.

கையெழுத்துக்கு முன்பே இருவர் வந்து இடத்தைப் பார்த்தார்கள். அரை நாள் இருந்தார்கள். மேய்ச்சல் நிலத்தின் ஒரு பக்கத்தில் முள்கம்பி இருந்தது. மிரண்டு ஓடும் குதிரை அதில் மோதினால் தோலும் தசைநாரும் கிழிந்துபோகும் என்று விளக்கி, அதை எடுத்துவிட்டு மரச்சட்டம் போடச் சொன்னார்கள். ஓரத்தில் பூத்து நின்ற அரளியை வேரோடு அகற்றச் சொன்னார்கள், ஏனெனில் அதன் இலைகள் சிறிதளவு உள்ளே போனாலே ஒரு குதிரையின் இதயத்தை நிறுத்தப் போதும். நாளொன்றுக்கு 25 முதல் 50 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும் விலங்குக்கு என் தொட்டி போதுமா என்று அளந்தார்கள். இவற்றையெல்லாம் நான் எதிர்பார்த்திருந்தேன். “இங்கே வேறு குதிரை இருக்கிறதா?” என்ற கேள்வியை எதிர்பார்க்கவில்லை. துணையில்லாத இடத்துக்கு அவர்கள் குதிரை அனுப்புவதே இல்லை. குதிரை நின்றபடி கண்ணயரும்; ஆழ்ந்த உறக்கத்துக்கோ படுத்தாக வேண்டும்; காவலுக்கு இன்னொன்று அருகில் இல்லாவிட்டால் பல குதிரைகள் படுக்கத் துணிவதில்லை. என்னிடம் வயதான மட்டக்குதிரை ஒன்று இருந்ததால் விண்ணப்பம் அந்தக் கட்டத்தைத் தாண்டியது.

காப்பகத்தின் உண்மையான திறமை எது என்று கேட்டால், செவலையின் முதல் பத்து நாட்களின் உணவுப் பதிவேட்டைத்தான் காட்டுவேன். குதிரையின் உடல் நிலையை 1 முதல் 9 வரை மதிப்பிடும் அளவுகோல் ஒன்று 1983 முதல் புழக்கத்தில் இருக்கிறது; 1 என்றால் எலும்பும் தோலும், 9 என்றால் மிகையான கொழுப்பு. மீட்கப்பட்ட அன்று அவளுக்கு 2 என்று குறித்திருந்தார்கள். அந்த நிலையில் உள்ள குதிரைக்கு இரக்கப்பட்டுத் தானியத்தை அள்ளிப் போட்டால் அது இறந்துபோகலாம். மாவுச்சத்து திடீரென்று உள்ளே போனதும் இன்சுலின் பெருகி, இரத்தத்தில் இருக்கும் பாஸ்பரஸையும் பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் உயிரணுக்களுக்குள் இழுத்துக்கொள்கிறது. இதயமும் நுரையீரலும் தளர்ந்து, தேறி வருகிறது என்று நாம் மகிழ்ந்துகொண்டிருக்கும் மூன்றாம் நான்காம் நாளில் குதிரை சாய்ந்துவிடுகிறது. அதனால் மாவுச்சத்து குறைந்த, குதிரை மசால் என்னும் தீவனப்பயிரின் உலர்புல்லை மட்டும், எடை பார்த்து, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவிலும் விழித்திருந்து கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பதிவேட்டில் நள்ளிரவுக்கும் விடியற்காலைக்கும் எதிரே வெவ்வேறு கையெழுத்துகள் இருந்தன. ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. தொற்று நோய் ஏதும் மற்றக் குதிரைகளுக்குப் பரவாதிருக்க மூன்று வாரம் தனிக் கொட்டிலில் வைத்திருந்த விவரமும் அதில் இருந்தது.

அழைத்து வருவதற்கு முன் ஐந்து முறை வந்து போகச் சொன்னார்கள். முதல் முறை வெறுமனே வேலியோரம் நின்றேன். பிறகு உடலைத் தேய்த்துவிடுவது, தலைக்கயிறு மாட்டி நடத்துவது, கால் தூக்கி குளம்புக்குள் அடைந்த மண்ணைக் கெல்லி எடுப்பது என்று ஒவ்வொன்றாகச் செய்ய வைத்தார்கள். அவளுடைய முதுகு சவாரி தாங்காது, துணைக்காக மட்டுமே வைத்துக்கொள்ள முடியும் என்பதை முதல் நாளே மறைக்காமல் சொன்னார்கள். சவாரி ஆசையோடு வந்த ஒருவரை, வேறு குதிரையைக் காட்டி ஆசை மூட்டாமல், அன்பாகவே திருப்பி அனுப்பியதையும் கண்டேன்.

இனி அந்தக் குறை. ஒப்படைப்பு அட்டையில் “பற்கள் நலம்” என்று எழுதியிருந்தது. மூன்றாவது வாரத்தில் தீவனத் தொட்டியின் கீழே ஈரமான புல் உருண்டைகள் கிடப்பதைப் பார்த்தேன். கோழி முட்டையைவிடச் சற்றே சிறியவை. கையில் எடுத்துப் பிரித்தால், பாதி மென்ற புல் கயிறுபோல் முறுக்கிக்கொண்டு, எச்சிலில் ஊறி, புளித்த வாடையோடு இருந்தது. அவள் மெல்லுகிறாள், விழுங்க முடியாமல் உமிழ்கிறாள். காப்பகத்தைத் தொலைபேசியில் அழைத்தபோது, “புது இடம் அல்லவா, பழகிவிடும்” என்று பதில் வந்தது. மறுபடி அழைத்தேன், பொறுப்பாளர் பேசுவார் என்றார்கள். அப்படியே எட்டு நாட்கள் போயின. மெலிந்து மீண்ட ஓர் உயிருக்கு எட்டு நாட்கள் மிக அதிகம். அதற்குள் மறைந்திருந்த விலா எலும்புகள் மீண்டும் தெரியத் தொடங்கிவிட்டன.

நானே மருத்துவரை வரவழைத்தேன். வாயைத் திறந்து பிடிக்கும் கருவியைப் பொருத்தி, விளக்கொளியில் உள்ளே பார்த்தார். மேல் தாடையில் ஒரு கடைவாய்ப் பல் இல்லை; அதற்கு நேர் கீழே இருந்த பல், எதிர்ப்பல்லோடு உரசித் தேய வழியில்லாமல் படிக்கட்டுபோல் உயர்ந்து மேல் ஈறைக் குத்திக்கொண்டிருந்தது. குதிரையின் பற்கள் ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை ஈறிலிருந்து வெளிவந்துகொண்டே இருப்பவை. உரசல்தான் அவற்றை அளவில் வைக்கிறது. காப்பகத்தில் வயதைக் கணிக்க முன்பற்களை மட்டும் பார்த்துவிட்டு “நலம்” என்று எழுதியிருக்கிறார்கள். இரவெல்லாம் விழித்திருந்து எடை பார்த்துத் தீவனம் வைத்தவர்கள், அந்தத் தீவனத்தை மெல்ல வேண்டிய பற்களைப் பார்க்காமல் விட்டது எனக்கு இன்றும் வருத்தமே.

மருத்துவரின் அறிக்கை போனதும் பொறுப்பாளரே நேரில் வந்தார். சாக்குச் சொல்லாமல் தவறை ஒப்புக்கொண்டார். பல்லை அராவிய செலவு முழுவதையும் காப்பகம் ஏற்றது. அடுத்த வருகையின்போது, வாயைத் திறந்து பின்பற்களைப் பார்த்த நாளைக் குறிக்கத் தனிக் கட்டம் சேர்த்த புதிய அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை பல் அராவுகிறோம். உலர்புல்லோடு ஊறவைத்த தீவனமும் கொடுக்கிறேன்.

அன்றாடப் பொறுப்புகளைப் பற்றி அவர்கள் சொன்ன கணக்கு சரியாகவே இருந்தது. 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளுக்கு 7 முதல் 9 கிலோ உலர்தீவனம், ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை குளம்பு சீவுதல், ரண ஜன்னித் தடுப்பூசி, சாணத்தைச் சோதித்துக் குடற்புழு மருந்து. பணம் ஒரு பக்கம் இருக்க, மழையானாலும் காய்ச்சலானாலும் விடியற்காலையில் ஒருவர் எழுந்தாக வேண்டும். அதற்கு வீட்டில் இரண்டாவது ஆள் இல்லாதவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

பின்தொடர் வருகைகளில் குறையே இல்லை. முதல் மாதம், மூன்றாம் மாதம், பிறகு அரையாண்டுக்கு ஒரு முறை. சொல்லாமலும் ஒரு முறை வந்தார்கள். வருகிற பெண்மணி விலாவில் விரல்களை ஓட்டிப் பார்ப்பார், தண்ணீர்த் தொட்டியின் அடியில் கைவிட்டுப் பாசி இருக்கிறதா என்று தடவுவார், அதன் பிறகுதான் என்னிடம் பேசுவார். செவலையின் இடது பின்னங்காலில், குளம்புக்குச் சற்று மேலே, பழைய தளைக்கயிறு அறுத்த வடு மயிரில்லாமல் வளையமாக இருக்கிறது. அந்தக் காலைத் தொட்டாலே வெடுக்கென்று இழுப்பாள். தோளிலிருந்து கையை எடுக்காமல் முதுகு வழியாகத் தொடைக்கு இறக்கி, அவள் தானாகக் காலைத் தளர்த்தும் கணத்தில் நாம் கையை எடுத்துவிட வேண்டும் என்று அவர்தான் கற்றுத்தந்தார். தினமும் சில நிமிடங்கள் என்று நான்கு மாதம் பிடித்தது. இப்போது குளம்பு சீவுபவர் வரும்போது அவளாகவே அந்தக் காலைத் தூக்கித் தருகிறாள்.

சென்ற வருகையில், அந்த 1 முதல் 9 வரையிலான உடல் நிலை அளவுகோலில் அவளுக்கு 5 என்று குறித்தார்கள். அன்றே, என் மட்டக்குதிரை தளர்ந்து வருவதைக் கவனித்த அந்தப் பெண்மணி, அது போய்விட்டால் செவலை தனித்துப்போவாள் என்று எடுத்துச் சொல்லி, காப்பகத்தில் இருக்கும் ஒரு கண் தெரியாத முதிய ஆண் குதிரையைப் பற்றிப் பேசினார். விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். இம்முறை அதன் வாயைத் திறந்து பின்பற்களைப் பார்க்கும் நாளில் நானும் உடன் இருப்பேன் என்று அதிலேயே எழுதியிருக்கிறேன். அவர்களும் நாள் குறித்து அனுப்பியிருக்கிறார்கள்.