ரோட்டரியா, டூயல் ஆக்‌ஷனா: வீட்டிலேயே கார் பாலிஷ் பழகுகிறவருக்கு

காருக்கு வீட்டிலேயே மெஷின் பாலிஷ் போடப் பழகுவது என்று முடிவெடுத்ததும் இரண்டு வகை பாலிஷ் மெஷின்களில் எது என்ற இந்த ஒரு கேள்விதான் என்முன் நின்றது: ரோட்டரி வாங்குவதா, டூயல் ஆக்‌ஷன் வாங்குவதா? 15 மில்லிமீட்டர் வீச்சுள்ள டூயல் ஆக்‌ஷன் மெஷினை வாங்கினேன். இன்று மறுபடி வாங்க நேர்ந்தாலும் அதையேதான் வாங்குவேன். ஆகவே இந்த அலசல் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். ஏன் சாய்கிறது என்பதைத்தான் விரித்துச் சொல்லப்போகிறேன்.

முதலில் பாலிஷ் எதற்குத் தேவைப்படுகிறது என்று பார்த்துவிடலாம். சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கார் துடைக்கும் வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததே. விடியற்காலையில் ஒரு வாளித் தண்ணீர், ஒரே துணி, வரிசையாகப் பல கார்கள். இரண்டு கார்கள் முடிவதற்குள் துணியில் மணல் ஏறிவிடுகிறது. அடுத்து வரும் ஒவ்வொரு காரிலும் அந்த மணல் நுண்கோடுகளைப் போட்டுக்கொண்டே போகிறது. போர்வெல் தண்ணீரின் உப்பு, காய்ந்த பிறகு வெள்ளை வட்டங்களாகப் படிந்து பெயின்ட்டை அரிக்கிறது. ஓரிரு ஆண்டுகளில் கறுப்பு அல்லது அடர்நீலக் காரின் பானெட்டை வெயிலில் பார்த்தால், சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல் கீறல்கள் தெரியும்.

இந்தக் கீறல்களை பாலிஷ் நிரப்புவதில்லை. கீறலின் அடிமட்டம் வரை, சுற்றியுள்ள பரப்பைத் தேய்த்துக் கீழே கொண்டுவருகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லாம் எளிதில் விளங்கும்.

கையால் தேய்ப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கதவுக் கைப்பிடிக்குப் பின்னால் நகம் பட்டு விழும் கீறல்களுக்கு அது போதும். முழுக் காருக்கும் போதாது. கடையில் கொடுப்பதும் நல்ல வழிதான், அங்கே செய்கிறவர் நேரம் எடுத்துக்கொண்டு செய்வார் என்றால். ஒரே நாளில் பல கார்களை முடித்தாக வேண்டிய இடத்தில் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. நான் கற்றுக்கொள்ள விரும்பினேன். எனவே இந்த இரண்டையும் இங்கேயே விட்டுவிடுகிறேன்.

ரோட்டரியில் தட்டு மோட்டாரின் தண்டோடு நேராகப் பூட்டப்பட்டிருக்கும். தண்டு சுழன்றால் தட்டும் சுழன்றே தீரும். டூயல் ஆக்‌ஷனில் தட்டின் மையம் தண்டின் மையத்திலிருந்து சற்று விலகியிருக்கும். தட்டு ஒரு சிறு வட்டப்பாதையில் அதிர்ந்துகொண்டே ஓடும். அந்தப் பாதையின் விட்டத்தைத்தான் வீச்சு என்பார்கள். அதோடு ஒரு பேரிங்கின் மேல் தன் போக்கில் மெதுவாகச் சுழலவும் செய்யும். இந்தத் தன்சுழற்சியை மோட்டார் வலிந்து தருவதில்லை. அழுத்தம் கூடினால் அது நின்றுவிடும்.

இதைக் கணக்காகப் பார்ப்போம். தட்டில் ஒட்டித் தேய்க்கும் மெத்தையான பேட், 150 மில்லிமீட்டர் அளவில் ஒன்றை ரோட்டரியில் நிமிடத்துக்கு 1500 சுற்று வேகத்தில் ஓட்டினால், பேட்டின் விளிம்பு விநாடிக்கு ஏறத்தாழ 12 மீட்டர் வேகத்தில் பெயின்ட்டை உரசுகிறது. 15 மில்லிமீட்டர் வீச்சுள்ள டூயல் ஆக்‌ஷனை நிமிடத்துக்கு 4000 அதிர்வில் ஓட்டினால், அந்த வட்டப்பாதை அசைவின் வேகம் விநாடிக்கு 3 மீட்டரைச் சற்றே தாண்டும். தட்டின் மெதுவான சுழற்சியைச் சேர்த்துக்கொண்டாலும் அது ரோட்டரியின் வேகத்தை எட்டாது. உரசல் வேகம் கூடினால் வெட்டும், அதாவது பெயின்ட்டைத் தேய்த்தெடுக்கும் அளவும் கூடும், சூடும் கூடும். ரோட்டரி வேகமாக வேலை முடிப்பதற்குக் காரணம் இதுதான். கற்கிறவர் கையில் அது ஆபத்தாவதற்கும் இதே காரணம்தான்.

இனி என் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். அது நிறத்தின் மேல் பூசும் நிறமற்ற படலமான கிளியர் கோட்டின் தடிமன்.

இன்றைய காரின் தகட்டின் மேல் பிரைமர், நிறம், கிளியர் கோட் எல்லாம் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த மொத்தத்தில் கிளியர் கோட்டின் பங்கு பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான்தான். தலைமுடி ஒன்றின் தடிமன்கூட இல்லை. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுத்து நிறத்தைக் காப்பது இந்தப் படலம்தான். காம்பவுண்ட் என்னும் தேய்ப்புப் பசையைப் போட்டு ஒருமுறை நன்றாக வெட்டினால் இதில் சில மைக்ரான்கள் போய்விடும். போனது போனதுதான். மெழுகோ செராமிக் கோட்டிங்கோ அந்த இழப்பை ஈடுசெய்வதில்லை. கூரையிலும் பானெட்டிலும் கிளியர் கோட் மெலிந்துபோன கார்களை நம் ஊர் வெயிலில் நிறையப் பார்க்கலாம். முதலில் வெளுக்கும், பிறகு செதில் செதிலாக உரியும். அதற்கு மேல் பெயின்ட் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதை வீட்டில் யாரும் துல்லியமாக அளந்துவிட முடியாது. பெயின்ட் தடிமன் மீட்டர் கிடைக்கிறது. நானும் ஒன்று வைத்திருக்கிறேன். ஆனால் வழக்கமாகக் கிடைக்கும் மீட்டர் தகட்டின் மேல் உள்ள மொத்தத் தடிமனைத்தான் காட்டும். அதில் கிளியர் எவ்வளவு, நிறம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டாது. பிளாஸ்டிக் பம்பரில் அது வேலையே செய்யாது, ஏனென்றால் அதற்கு அடியில் உலோகம் வேண்டும். 110 என்று காட்டும் ஒரு கதவு பழுதில்லாததாக இருக்கலாம். முன்பே இருமுறை ரப்பிங் வாங்கி இளைத்ததாகவும் இருக்கலாம். பழைய கார் வாங்குகிறவருக்கு இது இன்னும் முக்கியம். 200, 300 என்று எகிறும் எண் அந்தப் பாகத்துக்கு மறுபடி பெயின்ட் அடித்திருப்பதற்கான அடையாளம். குறைந்த எண்ணுக்குப் பின்னால் என்ன கதை என்பதை எந்த மீட்டரும் சொல்லாது.

இப்போது விளிம்புகளைக் கவனியுங்கள். பானெட்டின் நடுவே நீளமாக ஓடும் மடிப்பு, கதவின் ஓரம், சக்கர வளைவின் உதடு ஆகிய இடங்களில் பெயின்ட் இயல்பாகவே மெலிந்திருக்கும். ஈரமாக இருக்கும்போது அது கூர்மையான முனையிலிருந்து விலகி ஓடிவிடுவதுதான் காரணம். பேட்டின் மொத்த அழுத்தமும் அந்தக் கோட்டின் மேல் குவியும்போது ரோட்டரி நிற்பதில்லை. அதே வேகத்தில் அதே கோட்டைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். நிறம் மங்கி, அடியிலுள்ள பிரைமர் சாம்பல் கோடாக எட்டிப்பார்க்க அதிக நேரம் ஆகாது. டூயல் ஆக்‌ஷனை அதே மடிப்பில் சாய்த்தால் தட்டின் சுழற்சி நின்றுவிடும். வெறும் அதிர்வு மட்டுமே மிஞ்சும். அனுபவசாலிகள் இதைக் குறையாகச் சொல்வார்கள். கற்கிறவருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை. கை தவறும்போது மெஷின் வேலையை நிறுத்திவிடுகிறது. பேட் ஒட்டும் பின்தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் தட்டு சுழல்கிறதா, நின்றுவிட்டதா என்று ஓடும்போதே கண்ணால் பார்க்கலாம். கோடு தெளிவாகத் தெரிகிறது என்றால் அழுத்தம் அதிகம், அல்லது மெஷின் சாய்ந்திருக்கிறது. பாடம் அந்தக் கணத்திலேயே கிடைத்துவிடுகிறது.

இதற்காக டூயல் ஆக்‌ஷனால் பெயின்ட்டைக் கெடுக்கவே முடியாது என்று நம்பிவிடக் கூடாது. மைக்ரோஃபைபர் பேட்டும் கடுமையான காம்பவுண்டும் சேர்ந்தால் அதுவும் நன்றாகவே வெட்டும். பிளாஸ்டிக் பம்பர் சூட்டைக் கடத்தாது. ஒரே இடத்தில் நின்றால் எந்த மெஷினானாலும் அங்கே சூடு தேங்கும். விளிம்புகளின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத் தொடங்குவது எந்த மெஷினுக்கும் பொருந்தும்.

ரோட்டரியின் பக்கத்து நியாயங்களையும் சொல்ல வேண்டும். விலை குறைவு. போஷ், மகிதா போன்ற நிறுவனங்களின் ரோட்டரிகள் ஹார்டுவேர் கடைகளிலேயே கிடைக்கின்றன. பழுது பார்க்கவும் ஆள் கிடைக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த தடங்களை எடுப்பதில் ரோட்டரியும் கம்பளிப் பேட்டும் சேர்ந்தால் நிகரில்லை. புதிதாகப் பெயின்ட் அடித்த பாகத்தைச் சமன்படுத்தும் பட்டறைக்காரர் அதைத்தான் எடுப்பார், எடுக்கவும் வேண்டும். அதிர்வு இல்லாததால் கை மரத்துப்போவதும் குறைவு.

ஆனால் ரோட்டரி ஒரு தடத்தை விட்டுச்செல்லும். நிழலில் பார்த்தால் கண்ணாடிபோல் மின்னும் பானெட், வெயிலுக்கு வந்ததும் வால் நீண்ட பட்டைகளாக ஒளிரும். ஹாலோகிராம் என்பார்கள். தேர்ந்த கைகள் மென்மையான பேட்டில், குறைந்த வேகத்தில் அதைத் தவிர்த்துவிடும். மற்றவர்கள் கடைசிச் சுற்றுக்கு டூயல் ஆக்‌ஷனைத்தான் நாட வேண்டியிருக்கும். அதாவது ரோட்டரி வாங்குகிறவர் பெரும்பாலும் இரண்டையும் வாங்க நேரிடும். வீட்டு உபயோகத்துக்கு அந்த விலை வித்தியாசம் இங்கேயே கரைந்துவிடுகிறது.

டூயல் ஆக்‌ஷன் என்று முடிவானால் எந்த வீச்சு? இத்தாலியின் ரூபெஸ் நிறுவனத்தின் 15, 21 மில்லிமீட்டர் மெஷின்கள் இந்த வகையைப் பரவலாக்கின. இப்போது அதே அளவுகளில் மலிவானவையும் வருகின்றன. 21 மில்லிமீட்டர் பெரிய தட்டையான பரப்பில் வேகமாக முடிக்கும். நம் ஊர்ச் சிறிய கார்களில் அப்படிப்பட்ட பரப்பு கூரையும் பானெட்டும்தான். கதவுகளின் வளைவுக்கும் பம்பரின் குழிவுக்கும் 15 போதும், 125 மில்லிமீட்டர் பின்தட்டோடு. ஜெர்மனியின் ஃபிளெக்ஸ் நிறுவனம் வலிந்து சுழலும் டூயல் ஆக்‌ஷன் ஒன்றைச் செய்கிறது. அதில் அழுத்தினாலும் சுழற்சி நிற்பதில்லை. நண்பர் ஒருவரின் மெஷினைச் சிறிது நேரம் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். வெட்டு நன்றாக இருந்தது, மெஷின் கையை ஒரு பக்கமாக இழுத்தது. அதை நீண்ட நாள் பயன்படுத்தியவர்களின் சொல்லுக்கே இந்த விஷயத்தில் என் சொல்லைவிட மதிப்பு அதிகம்.

கற்பதற்குச் சொந்தக் காரில் தொடங்க வேண்டியதில்லை. சென்னையில் பழைய வாகன உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையில் கழற்றிப்போட்ட பானெட்டோ கதவோ கிடைக்கும். அடிபட்டு நசுங்கியதாக இருந்தாலும் பெயின்ட் இருந்தால் போதும். கம்பெனி பெயின்ட்டா என்று பார்த்து, மடிப்பு நன்றாகத் தெரிகிற பாகமாக வாங்குங்கள். அதைக் கழுவி, கார் பெயின்ட்டுக்கென்றே விற்கும் களிமண் கட்டியால் (கிளே பார்) படிவுகளை நீக்கி, ஒன்றரை அடிச் சதுரமாக டேப் ஒட்டிப் பிரித்துக்கொள்ளுங்கள். பேட்டில் நான்கைந்து துளி காம்பவுண்ட். முதலில் மெஷினை ஓடவிடாமல் தொட்டுத் தொட்டுப் பரப்பிவிட்டு, மெதுவாகக் கையை நகர்த்துங்கள். ஒவ்வொரு ஓட்டமும் முந்தைய ஓட்டத்தின் பாதியை மூட வேண்டும். குறுக்கே ஒருமுறை, நெடுக்கே ஒருமுறை. பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து துடைத்துப் பாருங்கள். காம்பவுண்டில் உள்ள எண்ணெய் கீறலை மறைத்திருந்தால் அப்போது தெரிந்துவிடும்.

அந்தப் பானெட்டில் கிளியர் கோட் போகும்வரை வேண்டுமென்றே ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள். உலோகப் பளபளப்புள்ள நிறம் என்றால் பேட்டில் நிறம் ஒட்டத் தொடங்குவதுதான் எல்லை தாண்டியதன் முதல் அறிகுறி. கிளியர் கோட்டே இல்லாத பழைய ஒற்றைப் படலப் பெயின்ட்டில் நிறம் முதலிலிருந்தே ஒட்டும். அங்கே இந்த அறிகுறி செல்லாது.

பேட்டைக் கவனிக்காவிட்டால் எந்த மெஷினும் பயன் தராது. ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு காருக்கு ஒரே பேட் என்பது நடக்காது. நான்கைந்தை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால்தான் சூடு தணியும். நீண்ட வீச்சு மெஷின்களில் பேட்டின் நடுப்பகுதிதான் முதலில் சூடேறி வெல்க்ரோவை விட்டுப் பிரியும். மே மாத வெயிலில் காம்பவுண்ட் சீக்கிரம் காய்ந்து மாவாகிவிடும். நிழலில் நின்ற காராக இருந்தாலும், கைவைத்தால் சுடாத காலை நேரமே நல்லது.

பிளாஸ்டிக், குரோம் பாகங்களில் இரண்டு மெஷின்களின் வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. சொரசொரப்பான கறுப்புப் பிளாஸ்டிக்கை பாலிஷ் செய்யக் கூடாது. டேப் ஒட்டி மறைத்துவிட வேண்டும். அதன் நுண்குழிகளில் காம்பவுண்ட் புகுந்தால் வெள்ளையாகக் காய்ந்து, எளிதில் வராது. கதவுத் தூணில் வரும் பளபளப்பான கறுப்புப் பாகம் துணி பட்டாலே கீறும். அங்கே 75 மில்லிமீட்டர் பேட், மிக மென்மையான பாலிஷ், டூயல் ஆக்‌ஷன். ரோட்டரியை நான் அதன் பக்கமே கொண்டுபோக மாட்டேன். அனோடைஸ் செய்த அலுமினியப் பட்டையைத் தேய்த்தால் அந்தப் பூச்சே போய்விடும். அதைக் கழுவித் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மஞ்சளித்த ஹெட்லைட் மட்டும் தனி. அது பாலிகார்பனேட். மேலே இருந்த பாதுகாப்புப் பூச்சு வெயிலில் சிதைந்ததால்தான் மஞ்சளாகிறது. 800ஆம் எண்ணில் தொடங்கி 3000ஆம் எண் வரை, படிப்படியாக மென்மையாகும் உப்புத்தாளைத் தண்ணீரோடு தேய்த்துவிட்டுப் பாலிஷ் போட்டால் கண்ணாடிபோல் ஆகும். ஆனால் பூச்சு முழுவதும் போய்விட்டதால், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் புதுப் பூச்சு ஒன்றை அன்றே அடித்தாக வேண்டும். இல்லையென்றால் சில மாதங்களிலேயே பழைய மஞ்சள் திரும்பிவிடும்.

இவ்வளவும் செய்து முடித்த பிறகு, காலையில் கார் துடைக்க வருகிறவரிடம் உங்கள் காரை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். அவருக்குரிய மாதச் சம்பளத்தைக் குறைக்க வேண்டாம், சக்கரங்களையும் உள்பக்கத்தையும் பார்த்துக்கொள்ளட்டும். பெயின்ட்டை நீங்களே கழுவுங்கள்: இரண்டு வாளி, ஒன்றில் ஷாம்பு, மற்றதில் கையுறையை அலசுவதற்கு வெறும் தண்ணீர்.