பெட்ரிஃபைடு ஃபாரஸ்ட் பூங்காவில் ஓவியராகப் போய்த் தங்கலாமா?

பூங்காவுக்குள் தங்கி வேலை செய்யும் கலைஞர் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாமா வேண்டாமா என்று கேட்டு எழுதுகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தாராளமாக விண்ணப்பியுங்கள். வரைகிறவர், புகைப்படம் எடுக்கிறவர், எழுதுகிறவர், யாராக இருந்தாலும் சரி. ஆனால் தனியாக இருக்கப் பயப்படாதவராக, கார் ஓட்டத் தெரிந்தவராக, அந்தச் சில வாரம் வருமானம் வராவிட்டாலும் வீட்டுச் செலவு நடந்துவிடும் என்ற நிலையில் இருப்பவராக இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அங்கே போய் வேலை ஓடாது, மனம் வீட்டுப் பக்கமே இழுக்கும்.

தெரியாதவர்களுக்காக: அமெரிக்காவின் தேசியப் பூங்காக்கள் பலவற்றில் கலைஞர்கள் உள்ளேயே தங்கி வேலை செய்ய ஏற்பாடு உண்டு. ஆர்ட்டிஸ்ட் இன் ரெசிடென்ஸ் என்பார்கள். பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம் வரை வீடு தருவார்கள். பதிலுக்குப் பூங்காவுக்கு வரும் பொதுமக்களுக்காக ஒரு பேச்சோ பயிற்சி வகுப்போ நடத்த வேண்டும், சில பூங்காக்களில் ஒரு படைப்பையும் கொடுத்துவிட்டு வர வேண்டும். ஜோஷுவா ட்ரீ, டெத் வேலி போன்ற பாலைவனப் பூங்காக்களும் கலைஞர்களை இப்படி வரவேற்றிருக்கின்றன. பூங்காத் துறை மட்டும் இல்லை, சுமார் 24.5 கோடி ஏக்கர் பொது நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் நில மேலாண்மைத் துறையும் மேற்கு மாநிலங்களில் சில இடங்களில் இதைச் செய்கிறது. நான் தங்கியது அரிசோனாவின் வடகிழக்கு மூலையில், ஹோல்புரூக் ஊரிலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெட்ரிஃபைடு ஃபாரஸ்ட், அதாவது கல்லாகிப்போன காடு.

ஏன் இதைத் தேர்ந்தெடுத்தேன் என்றால், நான் விழுப்புரம் பக்கம். திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்களைச் சின்ன வயதிலேயே தொட்டுப் பார்த்து வளர்ந்தவள். அவற்றுக்கு வயது சுமார் 2 கோடி ஆண்டு என்பார்கள். இங்கே கிடப்பவை 20 கோடி ஆண்டுக்கும் மேல். அந்தக் காலத்து ஆறுகள் அடித்துக்கொண்டு வந்த மரங்கள் சேற்றில் புதைந்து, எரிமலைச் சாம்பலிலிருந்து கரைந்த சிலிக்கா கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஊறி, மரம் முழுக்க குவார்ட்ஸ் என்ற கல்லாக ஆகிவிட்டது. இரும்பு கலந்த இடத்தில் சிவப்பும் மஞ்சளும், மாங்கனீசு கலந்த இடத்தில் கருப்பும் ஊதாவும். வெளியே பார்த்தால் பட்டை, கணு எல்லாம் அப்படியே மரம். உடைந்த முகத்தைப் பார்த்தால் பளபளவென்று கல்.

தங்குமிடம் பெயிண்டட் டெசர்ட் இன் என்ற பழைய விடுதிக்குப் பக்கத்தில் இருக்கும் குடில். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை இல்லாத இளைஞர்களைக் கொண்டு ரூஸ்வெல்ட் அரசு நடத்திய சிவிலியன் கன்சர்வேஷன் கோர் படைதான் அந்த விடுதியைப் புதுப்பித்துக் கட்டியது, குடிலும் அந்தக் காலத்ததுதான். கனமான சுவர், சின்ன ஜன்னல். பெரிய ஸ்டூடியோ எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஆறடி கேன்வாஸில் வேலை செய்கிறவர்களுக்கும், கனமான கருவி வேண்டிய சிற்பிகளுக்கும் இது ஒத்துவராது. தோளில் மாட்டிக்கொண்டு நடக்கக்கூடிய அளவுக்கு உங்கள் வேலை இருக்க வேண்டும்.

சரி, அப்புறம் எதற்காக இவ்வளவு தூரம் போக வேண்டும்? சாயங்காலத்துக்காக. இந்தப் பூங்கா பகல் நேரத்துக்கு மட்டும்தான் திறந்திருக்கும். உள்ளே காரோடு போய்த் தங்கும் கேம்ப் மைதானம் கிடையாது, ஹோட்டல் கிடையாது. 45 கிலோமீட்டர் சாலையை இரண்டு மணி நேரத்தில் ஓட்டி முடித்துவிட்டு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள், கேட்டை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு அங்கே இருப்பவர்கள் சில ஊழியர்கள், அனுமதிச் சீட்டு வாங்கி மூட்டை தூக்கிக்கொண்டு உள்ளே நடந்துபோய்த் தூங்குகிறவர்கள், அப்புறம் நீங்கள். நண்பகலில் வெளிறிப்போய் ஒரே காவியாகத் தெரிந்த நிலம், வெயில் சாயச் சாய அடுக்கடுக்காகப் பிரியும். காவிக்கு அடியில் ஒரு சாம்பல் பட்டை, அதற்கு அடியில் மங்கிய சிவப்பு, பள்ளத்தில் நிழல் விழுந்த இடத்தில் நீலம். அதே சரிவை நேற்றும் வரைந்திருப்பீர்கள், இன்று உட்கார்ந்தால் வேறாக இருக்கும். இந்த மணி நேரங்களைத்தான் இந்தத் திட்டம் உங்களுக்குத் தருகிறது. வீடு, நிகழ்ச்சி, பேரில் சேரும் பெருமை எல்லாம் அதற்கு அப்புறம்தான் என்பது என் கருத்து.

முழு அமைதி கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். பூங்காவின் குறுக்கே ஐ-40 நெடுஞ்சாலை போகிறது, சரக்கு ரயில் பாதையும் போகிறது. காற்று திரும்பினால் ராத்திரி ரயில் சத்தம் தெளிவாகக் கேட்கும். எனக்கு அது பிடித்திருந்தது. வானமோ சொல்லவே வேண்டாம், 2018-ல் சர்வதேச இருண்ட வானப் பூங்கா என்று அங்கீகாரம் வாங்கிய இடம். நிலா இல்லாத ராத்திரியில் பால்வீதி அடிவானம் வரைக்கும் இறங்கும்.

நீர்வண்ணக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பூங்கா 5,000 அடிக்கு மேல், காற்றில் ஈரமே கிடையாது. வாஷ் (தண்ணீர் கலந்த மெல்லிய வண்ணப் பூச்சு) போட்டுத் தாளைச் சாய்ப்பதற்குள் காய்ந்து கோடு விழுந்துவிடும். சென்னையில் மழைக்காலத்தில் அரை மணி நேரம் காத்திருந்து பழகிய கைக்கு இது பெரிய மாற்றம். ஈரத்தில் ஈரம் கலக்கும் முறையை அங்கே வெளியில் உட்கார்ந்து செய்யவே முடியாது என்று முதலில் தோன்றியது. பிறகு தாளின் பின்பக்கத்தையும் நனைத்து, தண்ணீரில் இரண்டு சொட்டு கிளிசரின் விட்டு, ஸ்ப்ரே பாட்டிலைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஒரு மாதிரி பழகினேன். எண்ணெய் வண்ணக்காரர்களுக்கு வேறு தொல்லை, வசந்த காலக் காற்று அள்ளிப் போடும் மணல் ஈரப் படத்தில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். படத்தைத் தாங்கும் ஈசல் சட்டத்தை நான்கு பக்கமும் கயிறு போட்டுக் கட்டுங்கள்.

பூங்காவுக்குள் நீலச் சாயல் மேடுகள் இருக்கும் ப்ளூ மேசாவுக்கு அவசியம் இறங்குங்கள், ஒரு மைல் சுற்றுப் பாதை. சரிவு முழுக்க பெண்டோனைட் களிமண். மழை பட்டால் உப்பும், வெயில் பட்டால் சுருங்கி வெடிக்கும், அதனால் மேற்பரப்பு பொரி பரப்பியது போலப் பொருபொருவென்று இருக்கும். செடி வேர் பிடிக்கவே விடாத மண். குனிந்து பக்கத்தில் பார்த்தால் தூரத்தில் நீலமாகத் தெரிந்ததில் சாம்பல், ஊதா, வெளிறிய பச்சை எல்லாம் இருக்கிறது. மழை பெய்த அன்று மட்டும் இறங்காதீர்கள், வழுக்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஓவியர்களுக்கு அந்தச் சிவப்பு மண்ணைப் பார்த்ததும் ஒரு பிடி எடுத்து அரைத்து வண்ணம் செய்ய ஆசை வரும். எனக்கும் கை துறுதுறுத்தது. கூடாது. மண், கல், எலும்பு, பானை ஓடு எதுவும் எடுக்கக் கூடாது, தங்கும் கலைஞர் என்பதால் சலுகை இல்லை. இந்தப் பூங்காவுக்கு இதில் நீண்ட கதை உண்டு. கல்மரத் துண்டைத் திருடிக்கொண்டு போனவர்கள், பல வருடம் கழித்து, எடுத்ததிலிருந்து வீட்டில் கெட்டதே நடக்கிறது, மன்னித்துவிடுங்கள் என்று கடிதம் எழுதி அந்தத் துண்டைத் தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். வந்த துண்டை எந்த இடத்திலிருந்து எடுத்தார்கள் என்று தெரியாததால் நிலத்தில் திரும்ப வைக்க முடியாது, வைத்தால் ஆய்வாளர்களுக்குத் தவறான தடயம் ஆகிவிடும். அதனால் தனியாகக் குவித்து வைத்திருக்கிறார்கள், மனச்சாட்சிக் குவியல் என்று அதற்குப் பெயர். எடுத்த கல்லைத் திருப்பிக் கொடுத்தாலும் அது இருந்த இடம் திரும்பக் கிடைக்காது என்று புரிந்த பிறகு எனக்கு அந்த ஆசை போய்விட்டது. வண்ணத்தைக் கடையில் வாங்கிக்கொண்டு போங்கள்.

விடுதிக் கட்டடத்தையும் அவசரமாகப் பார்க்காதீர்கள். இப்போது அங்கே யாரும் தங்குவதில்லை, அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். உள்ளே அரிசோனாவின் பூர்வகுடிகளான ஹோப்பி மக்களைச் சேர்ந்த ஓவியர் ஃப்ரெட் கபோட்டி 1940களின் கடைசியில் தீட்டிய சுவரோவியங்கள் இருக்கின்றன. கட்டட வடிவமைப்பாளர் மேரி கோல்ட்டர் அவரை அழைத்துவந்தார். ஒன்றில் ஹோப்பி ஆண்கள் உப்பு எடுக்க ஸூனி உப்பு ஏரிக்குப் போகும் நெடும்பயணம். உப்புக்காக அவ்வளவு தூரம் நடந்த வழியை அந்த மக்களில் ஒருவரே வரைந்திருக்கிறார். வெளியிலிருந்து வந்து இந்த நிலத்தை வெறும் காட்சியாக வரைகிற நம் மாதிரி ஆட்கள் முதல் நாளே அதன் முன்னால் நிற்க வேண்டும் என்று நினைக்கிறேன். தலைக்கு மேலே கண்ணாடிக் கூரை, அதில் பழங்காலப் பானை வடிவங்களைக் கையால் தீட்டியிருக்கிறார்கள். 1970களில் இந்தக் கட்டடத்தையே இடிக்க இருந்தார்கள், மக்கள் விடவில்லை.

பொதுமக்கள் நிகழ்ச்சியைக் கடமைக்குச் செய்யாதீர்கள். நான் தாளும் பென்சிலும் கொடுத்து, எதிரே தெரியும் அடுக்குகளில் ஒரே ஓர் அடுக்கை மட்டும் வரையச் சொன்னேன். ஒரு பையன் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, காடு எங்கே என்று கேட்டான். பேரைப் பார்த்துவிட்டு நிற்கும் மரங்களை எதிர்பார்த்து வந்திருக்கிறான். ஆற்றில் மிதந்து வந்து படுத்த மரம் இது என்று சொன்னதும், படுத்துக்கொண்டே தரைமட்டத்திலிருந்து ஒரு கட்டையை வரைந்தான். அதற்குப் பிறகு நானும் பல படங்களைத் தரையில் உட்கார்ந்துதான் வரைந்தேன், அந்தக் கட்டைகள் அப்போதுதான் கனமாகத் தெரிகின்றன. அந்த நிலம் எல்லோருடையது, உங்களுக்குச் சில வாரம் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது. பார்த்ததை வருகிறவர்களோடு பகிர்ந்துகொள்வதுதான் முறை.

சாப்பாடு பற்றி. மளிகைக்கு ஹோல்புரூக் போய்த்தான் ஆக வேண்டும், போய்வர 80 கிலோமீட்டர். அரிசி, பருப்பு, புளிக்காய்ச்சல், ஊறுகாய் எடுத்துக்கொண்டு போங்கள், சின்ன குக்கரையும் மறக்காதீர்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகவே வேகாது. போன் சிக்னலை நம்பாதீர்கள், வரைபடங்களை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கேன் காரில் எப்போதும் இருக்க வேண்டும்.

எந்த மாதம்? என்னைக் கேட்டால் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் மதியம் இடியும் மின்னலும். மேகம் வரைகிறவர்களுக்குப் பிரமாதம், ஆனால் திறந்த மேட்டில் உட்காரக் கூடாது. வசந்தம் முழுக்கக் காற்று. குளிர்காலத்தில் பனி விழும், சிவப்பு மண்மேல் வெள்ளை படிந்த காட்சிக்காகவே போகிறவர்கள் உண்டு, கை விறைத்துப்போகும்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. பல ரெசிடென்சிகளில் வீடு மட்டும்தான், பயணம், சாப்பாடு, பொருள்கள் எல்லாம் உங்கள் செலவு. விண்ணப்பத்தில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். வேறோர் இடத்துக்குக் கட்டணம் கட்டி விண்ணப்பித்துவிட்டு, ஆம் இல்லை என்று ஒரு பதில்கூட வராமல் காத்திருந்திருக்கிறேன். பேர் வேண்டாம். பாலைவனத்தில் சம்பளம் இல்லாமல் சில வாரம் இருக்க முடிந்தவர்கள்தான் அந்த நிலத்தை வரைய முடியும் என்றால், வரையப்படாமல் போகிற படங்கள் எத்தனை இருக்கும்! அரசு நிலத்தில் நடக்கும் எல்லாத் திட்டங்களும் குறைந்தது சாப்பாட்டுக்கும் பயணத்துக்குமாவது பணம் தர வேண்டும், இதை நான் எங்கே கேட்டாலும் சொல்வேன்.

விண்ணப்பத்தில் பாலைவனம் அழகு, அமைதி என்று எழுதாதீர்கள், அதை எல்லோரும் எழுதுவார்கள். அந்தப் பூங்காவில் இருக்கும் எந்தப் பொருளை, எந்தக் கேள்வியோடு பார்க்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். திருவக்கரையையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வரைய வேண்டும் என்று நான் எழுதியிருந்தேன்.

இடம் கிடைக்காதவர்கள் சும்மாவும் போகலாம், ஒரு காருக்கு 25 டாலர். ஹோல்புரூக்கில் ராத்திரி தங்கி, காலையில் கேட் திறக்கும்போதே உள்ளே நுழைந்து நேராக ப்ளூ மேசாவுக்குப் போய்விடுங்கள், மற்ற இடமெல்லாம் மதியம் பார்த்துக்கொள்ளலாம்.