5600ஜி போதுமா, தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டுமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் குறைந்த காசில் கேமிங் கணினி கட்டும் பையன்கள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கு நடுவில்தான் தடுமாறுகிறார்கள்: ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி சிப் (கணினியின் மூளையான பிராசசர்) மட்டும், அல்லது இன்டெலின் ஐ3-12100எஃப் சிப்போடு பழைய ஆர்எக்ஸ் 6600 கிராஃபிக்ஸ் கார்டு.

5600ஜியில் 6 கோர், அதாவது ஒரே நேரத்தில் வேலை செய்யும் 6 பகுதிகள். கிராஃபிக்ஸ் உள்ளேயே இருப்பதால் கார்டுக்கான காசு மிச்சம். வலோரண்ட், டோட்டா 2 எல்லாம் செட்டிங்கைக் குறைத்தால் 1080பி (முழு எச்டி) தெளிவில் நன்றாகவே ஓடும். ஆனால் அதற்குத் தனி நினைவகம் இல்லை, ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். அதனால் 16 ஜிபி ரேமை ஒரே குச்சியாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள், இரண்டும் சேர்ந்து வேலை செய்தால்தான் வேகம் கிடைக்கும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டு என்றால் பெரும்பாலும் இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும். "ஒண்ணு போதும் தம்பி, அப்புறம் சேர்த்துக்கலாம்" என்று கடையில் சொன்னால் தலையாட்டாதீர்கள். ஃபிரேம் (நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்ற கணக்கு) பலமாக அடிவாங்கும்.

12100எஃப்பில் 4 கோர்தான். உள்ளே கிராஃபிக்ஸ் இல்லாததால் கார்டு கெட்டால் திரையில் ஒன்றும் வராது. ஆனாலும் 6600-இன் 8 ஜிபி தனி நினைவகத்துக்கு முன்னால் 5600ஜி நிற்காது. பெரிய கேம்களும் 1080பியில் சுகமாக ஓடும். கார்டு இழுப்பது 132 வாட்தான், தரமான 500 வாட் பவர் சப்ளை தாராளம். பழைய கார்டை அரைமணி நேரமாவது கேம் ஓடவிட்டுப் பார்த்தபிறகே காசை நீட்டுங்கள்.

என் ஓட்டு இரண்டாவதுக்கு. கையில் இப்போது காசில்லை என்றால் 5600ஜி வாங்கி, பின்னால் கார்டு சேர்க்கலாம். அதில் கார்டுக்கான இணைப்பு பழைய பிசிஐஇ 3.0 வகை என்பதால் 6600 கொஞ்சம் வேகம் இழக்கும், அவ்வளவுதான்.