ஆயில் என்ஜினுக்கு துரு எடுத்துத் தர்றேன்னு ஆசிட் கேனோட வர்ற ஆள்கிட்ட உஷாரா இருங்க

உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம் பக்கம் கிணத்துப் பாசனத்துக்கு இன்னும் ஆயில் என்ஜின் வச்சு ஓட்டிக்கிட்டு இருக்கவங்க தயவுசெஞ்சு இதை முழுசா படிங்க. எனக்கு நடந்தது இன்னொருத்தருக்கு நடக்கக் கூடாதுன்னுதான் ராத்திரி உக்காந்து டைப் பண்றேன். எங்களுக்கு 60 சென்ட்ல மல்லி, கரண்ட் சர்வீஸுக்கு எழுதிப்போட்டு காத்துக்கிட்டு இருக்கோம், அதுவரைக்கும் அப்பா காலத்து 5 எச்பி தண்ணி கூலிங் என்ஜின்தான் தண்ணி பாச்சுது.

இந்த என்ஜின்ல ரேடியேட்டர் கிடையாது. பம்பு டெலிவரி பைப்புலருந்து ஒரு அரை இஞ்ச் ஓஸ் பிரிஞ்சு என்ஜினோட இரும்பு உடம்பான பிளாக்குக்குள்ள போய், பிஸ்டன் ஏறி இறங்குற குழாயான லைனரைச் சுத்தி வந்து, மேல்பக்கம் இருக்குற ஹெட் வழியா வெளிய வாய்க்கால்ல விழுகும். கிணத்துத் தண்ணி எதுவோ அதுவேதான் என்ஜினுக்குள்ளயும் ஓடும். எங்க கிணறு உப்புத்தண்ணி, கோடையில அடித்தண்ணி கலங்கி சேறும் சேர்ந்து வரும். இருபது வருசமா அப்படி ஓடுனா உள்ள என்ன இருக்கும், துருவும் உப்புக் காரையும்தான். பங்குனி கடைசியில பாத்தா வெளிய வர்ற தண்ணி நூல் மாதிரி ஆயிருச்சு, பைப்புல கை வைக்க முடியல, ஒரு மணி நேரம் ஓடுனாலே கரும்புகை. பூ நல்லா எடுக்குற நேரம், தண்ணி ஒரு வாரம் தவறுனா மொட்டு சிறுத்துப் போயிரும், மனசு பதறுது.

அந்த நேரம் பாத்துத்தான் அந்த ஆள் வந்தாரு. பைக்குல பின்னாடி 20 லிட்டர் வெள்ளை கேன் ரெண்டு, ஒரு டூல்ஸ் பை. பக்கத்து தோட்டத்துல மோட்டார் வேலை பாத்துட்டு வர்றேன்னாரு. என்ஜினைப் பாத்துட்டு "அண்ணே உள்ள பூரா துரு அடைச்சிருக்கு, பிளாக்கை அவுத்து கழுவி, வெளிநாட்டு கெமிக்கல் விட்டு எடுத்துத் தர்றேன், அஞ்சு வருசத்துக்கு திரும்பிப் பாக்க வேணாம்"னாரு. 3,500 கேட்டு 2,800க்கு முடிஞ்சுச்சு. நான் அன்னைக்கு மாட்டுத்தாவணிக்கு பூ கொண்டு போகணும், அப்பாவை பக்கத்துல இருக்கச் சொல்லிட்டு கெளம்பிட்டேன். அங்கதான் நான் தப்பு பண்ணேன், நின்னு பாத்திருக்கணும்.

அப்பா சொன்னதை அப்படியே சொல்றேன். மேல இருக்குற அவுட்லெட் பைப்பை மட்டும் கழட்டிட்டு, புனல் வச்சு கேன்ல இருந்து அப்படியே ஊத்தியிருக்காரு, தண்ணி கூட கலக்கல. ஊத்துனதும் புஸ்ஸுனு நுரை பொங்கி புகை கெளம்பியிருக்கு, அப்பாவுக்கு கண்ணெரிச்சல், இருமல், ஷெட்டை விட்டு வெளிய வந்துட்டாரு. அந்த ஆள் பீடியைப் பத்த வச்சுக்கிட்டு முக்கா மணி நேரம் உக்காந்திருந்திருக்காரு. அப்புறம் என்ஜினை ஸ்டார்ட் பண்ணி தண்ணி விட்டதும் ரத்தம் மாதிரி செவப்பா கொட்டுச்சாம், கொஞ்ச நேரத்துல தெளிஞ்சிருச்சு, "பாத்தீங்களாய்யா எம்புட்டு துரு"ன்னு சொல்லி காசை வாங்கிட்டுப் போயிட்டாரு. பில் கிடையாது. வாய்க்கா ஓரத்துல இருந்த மூணு மல்லிச் செடி ரெண்டு நாள்ல இலை கருகி நின்னுச்சு, அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

மொத வாரம் என்ஜின் ஜம்முனு ஓடுச்சு, அதை மறைக்க விரும்பல. தண்ணி நல்லா வந்துச்சு, சூடு இல்ல, நானே ரெண்டு பேர்கிட்ட அந்த ஆளைப் பத்தி நல்லவிதமா சொன்னேன், அதை நினைச்சாத்தான் இப்ப ரொம்ப சங்கடமா இருக்கு. ஒம்பதாவது நாள் ஆயில் பாக்குற கம்பியை உருவுனா லெவல் கூடியிருக்கு. ஆயில் எப்படி தானா கூடும்? தொட்டுப் பாத்தா டீ கலர்ல வழுவழுன்னு நுரை. அதுக்குள்ள அடியில டொக் டொக்னு சத்தமும் வந்திருச்சு.

உசிலம்பட்டில பல வருசமா என்ஜின் வேலை பாக்குற ஒரு பெரியவரைக் கூட்டிட்டு வந்தேன். அவர் மொதல்ல ஸ்டார்ட் பண்ணாதேன்னு சொல்லிட்டாரு. ராத்திரி முழுக்க அப்படியே விட்டு காலைல சம்ப், அதாவது அடியில ஆயில் நிக்கிற தொட்டியோட அடி நட்டை லேசா திருகுனாரு, மொதல்ல வந்தது வெறும் தண்ணி, ஒரு சொம்பு அளவுக்கு, அப்புறம்தான் ஆயில் வந்துச்சு. தண்ணி கனம் அதிகம், அடியில தங்கும், ஆயில்ல தண்ணி இருக்கான்னு யாரும் வீட்டுலயே இப்படி பாத்துக்கலாம்.

அடுத்து பிளாக் பக்கவாட்டுல இருக்குற மூடிகிட்ட என்னைக் கூப்பிட்டு, "தம்பி இதை அவுத்ததா சொன்னான்ல, இந்த நட்டைப் பாரு"ன்னாரு. நாலு நட்டுலயும் பழைய பச்சை பெயிண்ட் கொஞ்சம் கூட உடையல, நட்டுக்கும் மூடிக்கும் நடுவுல பெயிண்ட் தோலு மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, ஸ்பேனர் படவே இல்ல. 2,800 ரூவாய்க்கு பிளாக்கை அவுக்கவே இல்ல அந்த ஆள். அடியில தண்ணி வடிக்கிற பித்தளை டேப்பைத் தொறந்தா ஒரு சொட்டு வரல. கம்பி விட்டு குத்துனதும் செவப்பு சேறு களி மாதிரி பிதுங்கி வந்துச்சு, டேப்போட உள்பக்கம் மஞ்சள் போயி செம்பு மாதிரி ரோஸா ஆயிருந்துச்சு. ஆசிட் பித்தளையில இருக்குற துத்தநாகத்தை தின்னுட்டா அப்படித்தான் ஆகுமாம்.

லைனரை உருவுனதும் எல்லாம் தெளிவாயிருச்சு. வெளிப்பக்கம் பூரா அம்மைத் தழும்பு மாதிரி குழி, ரெண்டு இடத்துல ஊசி முனை அளவுக்கு ஓட்டை. அடியில தண்ணியை ஆயில் பக்கம் விடாம நிறுத்துற ரப்பர் ரிங் ரெண்டும் உப்பி, கிள்ளுனா பிஞ்சு வருது. சேறு அடைச்சதால அடிப்பக்கம் வடியாம தங்குன ஆசிட், சரியா அந்த ரிங்கு மேலயே நாள் கணக்கா நின்னிருக்கு. பெரியவர் நியாயமா ஒன்னு சொன்னாரு, லைனர் ஏற்கனவே துருவுக்கு அடியில கொஞ்சம் அரிச்சுப் போயிருக்கும், சில நேரம் துருவே ஓட்டையை அடைச்சுக்கிட்டு நிக்கும், அதனாலதான் பழைய என்ஜினை அவுத்துப் பாக்காம எந்த கெமிக்கலும் விடக் கூடாது. பாத்ரூம் கழுவுற ஆசிட் துருவோட நிறுத்தாது, துரு போனதும் இரும்பைத் தின்ன ஆரம்பிச்சிரும்.

எங்க சித்தப்பா மகன் ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊர்ல போட் என்ஜின் வேலை பாக்குறான். அங்க கடல் தண்ணியே சில என்ஜினுக்குள்ள ஓடுது, துருவைப் பத்தி அவனுக்குத் தெரியாததா. போன்ல கேட்டதும் மொதல்ல அவன் பதறுனது பீடிக்குத்தான். "அண்ணே, ஆசிட் இரும்பைத் தின்னும்போது வர்றது ஹைட்ரஜன், தீப்பிடிக்கிற கேஸ், அப்பாவுக்கு ஒன்னும் ஆகலையேனு சந்தோசப்படுங்க"ன்னான். அவன் சொன்ன முறையிலதான் இப்ப நாங்க பண்ணோம். மொதல்ல கெமிக்கலே கிடையாது, அடி டேப்பைக் குத்தி விட்டு, தண்ணியை எதிர்ப்பக்கமா, அதாவது வெளிய வர்ற பைப்பு வழியா உள்ள பிரஷரா அடிச்சு சேறைத் தள்ளணும். எங்களுக்கு பாதி அடைப்பு அதுலயே போயிருச்சு, வந்தது வெறும் சேறுதான், இதுக்குத்தான் அவ்வளவு ஆசிட் ஊத்துனாரு அந்த ஆள். மிச்சத்துக்கு லெமன் சால்ட், அதாவது சிட்ரிக் ஆசிட் தூள், கடையில கிலோ கணக்குல கிடைக்கும், 15 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணிக்கு ஒரு கிலோ, நாலஞ்சு மணி நேரம் உள்ள விட்டு வடிச்சு, அடுத்து ஆப்பசோடா கரைச்ச தண்ணி, அப்புறம் தெளியிற வரைக்கும் நல்ல தண்ணி. வடியிற தண்ணியில ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டா நுரைச்சா இன்னும் புளிப்பு உள்ள இருக்குன்னு அர்த்தம், நுரைக்காத வரைக்கும் கழுவணும். இது முழுக்க வார்ப்பிரும்பு என்ஜினுக்கு, அலுமினிய பாகம் இருந்தா தெரிஞ்சவங்களைக் கேக்காம விடாதீங்க.

அந்த ஆளுக்கு ஏழெட்டு தடவை போன் அடிச்சேன். ஒரே ஒரு தடவை எடுத்து "பழைய என்ஜின்ணே, அதுக்கு நான் என்ன பண்றது"ன்னு சொல்லி வச்சிட்டாரு, அப்புறம் எடுக்கல. நுகர்வோர் உதவிக்கு 1915 நம்பர் இருக்கு, அடிச்சேன், பொறுமையா கேட்டாங்க, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல ரெண்டு வருசத்துக்குள்ள மனு குடுக்கலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டேன். ஆனா என்கிட்ட பில்லும் இல்ல, அந்த ஆளோட ஊர் எதுன்னும் தெரியாது, போன் பே கூட பண்ணல, கையில காசா குடுத்தேன். ஒரு துண்டுச் சீட்டுல எழுதி கையெழுத்து வாங்கியிருந்தா கூட கையில ஒன்னு இருந்திருக்கும்.

லைனர், ரிங்கு, ராடு பேரிங், ஹெட் பேக்கிங், ஆயில், கூலி எல்லாம் சேந்து 11,400 ஆச்சு. சாமானுக்கு ஆரப்பாளையத்துல எறங்கி கடை கடையா அலைஞ்சது ரெண்டு நாள். பதினாலு நாள் பாய்ச்சல் இல்லாம செடி வாடிருச்சு, சித்திரைத் திருவிழாவுக்கு பூ நல்ல விலை போன வாரம் என் தோட்டத்துல ஒரு நாளைக்கு ஒன்றரை கிலோ கூட தேறல. அம்மா விடியக்காலம் கூடையோட போயி பாதிக் கூடையோட திரும்பி வருவாங்க, ஒன்னும் பேச மாட்டாங்க.

இப்ப என்ஜின் ஓடுது, வெளிய வர்ற தண்ணியில கை வச்சா சூடு தெரியுது, ஆனா கையை எடுக்க வேண்டியதில்ல, அதுதான் சரியான பதம்னு பெரியவர் சொன்னாரு. நேத்து பேரையூர்ல இருந்து மாமா போன் பண்ணாரு, அவங்க ஊருக்கு பைக்குல ரெண்டு வெள்ளை கேனோட ஒருத்தர் வந்து தோட்டம் தோட்டமா என்ஜின் பாக்குறாராம், அதே வெளிநாட்டு கெமிக்கல் பேச்சு, அதே அஞ்சு வருசம். அதே ஆள்தானான்னு தெரியல. உங்க தோட்டத்துக்கு வந்தா மொதல்ல பக்கவாட்டு மூடியை உங்க கண்ணு முன்னாடி அவுக்கச் சொல்லுங்க.